ஆலைப் புகை எந்தப் பக்கம் போகிறது?

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனை ஆலையில் சார்ஜ்மேனாக இருக்கிறேன். வயது 36. எஸ்பிஎம் (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்துவிட்டுத் தொழிற்கல்லூரியில் மின்சாரம் படித்தவன். சனிக்கிழமை காலையில் ஒரு சின்ன விமானம் எங்கள் ஆலைக்கு மேலே வந்து சுற்றிவிட்டுப் போகும். பத்து வருடமாக அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது பிபிஎல், அதாவது தனியார் விமானி உரிமம், எடுக்க ஆசை வந்துவிட்டது. ஓவர்டைம், போனஸ் எல்லாம் சேர்த்து 30,000 வெள்ளி கையில் இருக்கிறது. கண்ணாடி போடுகிறேன். ஆங்கிலம் புரியும், பேசும்போது தடுமாறும். முழுக் கட்டணத்தையும் முன்னாலேயே கட்டினால் தள்ளுபடி உண்டு, பிறகு விமான நிறுவனத்தில் சேரலாம் என்று ஒருவர் சொல்கிறார். இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், வீட்டில் மனைவி பயப்படுகிறார். தோட்டத்து லயத்தில் பிறந்தவனுக்கு இந்த ஆசை எதற்கு என்று ஆலையிலும் கேட்கிறார்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, அந்த விமானம் உங்கள் ஆலைக்கு மேலே ஏன் வந்து சுற்றுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் புகைபோக்கியைப் பார்க்கத்தான் வருகிறது. ஈப்போ விமான நிலையத்திலிருந்து சுங்கை சிப்புட் நேர்கோட்டில் முப்பது கிலோமீட்டர்கூட வராது. செஸ்னா என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடலாம். வந்ததும் பயிற்றுநர் எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பின்னுக்கு இழுத்துவிட்டு, “எஞ்சின் போய்விட்டது, எங்கே இறக்குவீர்கள்?” என்று கேட்பார். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பதைத்தான் மாணவர் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். காற்றை எதிர்த்து இறங்கினால் தரையைத் தொடும் வேகம் குறையும், ஓடும் தூரமும் குறையும். காற்றைக் காட்ட ஆலைப் புகையைவிட நல்ல பொருள் அந்த வட்டாரத்தில் இல்லை. பக்கத்திலேயே வரிசையாகச் சதுரம் சதுரமாக உங்கள் கழிவுநீர்க் குளங்கள். மேலிருந்து பார்த்தால் வேறு எந்த இடத்தோடும் குழப்பிக்கொள்ள முடியாது. எத்தனையோ மாணவர்களிடம் “ஆலைப் புகையைப் பாருங்கள்” என்று சொல்லியிருக்கிறேன். கீழே நீங்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்பது இன்றைக்குத்தான் தெரிகிறது.

லயத்தில் பிறந்தவனுக்கு எதற்கு என்று கேட்டவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. மேலிருந்து பார்க்கும்போது செம்பனைக் காடு பச்சைப் பாய் விரித்த மாதிரி மெத்தென்று தெரியும். பட்டணத்துப் பிள்ளைகள் அதில் இறக்கிவிடலாம் என்று நினைப்பார்கள். ஒவ்வொரு மரமும் எவ்வளவு கனம், வரிசைக்கு இடையில் எவ்வளவு இடம் இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். மறுநடவுக்கு வெட்டித் திறந்த நிலம் எது, அதில் வடிகால் கான் எங்கே ஓடுகிறது, மண்சாலையில் லோரி போகும் பக்கம் எது, பள்ளிக்கூடத் திடல் எவ்வளவு நீளம், இதெல்லாம் ஒரு விமானிக்குத் தேவையான அறிவு. தோட்டத்துக்கும் விமானத்துக்கும் சம்பந்தம் இல்லாமலும் இல்லை. கீழ்ப் பேராக்கில் ஜெண்டராத்தா தோட்டத்துக்குள்ளேயே ஓர் ஓடுபாதை இருக்கிறது. ஆகவே அந்தக் கேள்விக்கு நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். காசு கட்டுவது, புத்தகம் வாங்குவது, எல்லாவற்றுக்கும் முன்னால் மருத்துவப் பரிசோதனை. தனியார் விமானிக்கு இரண்டாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ் வேண்டும். இதைச் சாதாரண கிளினிக்கில் வாங்க முடியாது. நம் மலேசியாவின் விமானப் போக்குவரத்து ஆணையமான சிஏஏஎம் அங்கீகரித்த மருத்துவரிடம்தான் போக வேண்டும். கண்ணாடி ஒரு தடையே இல்லை. அனைத்துலக விதிப்படி கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணிலும் 6/12, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/9 பார்வை இருந்தால் போதும். பறக்கும்போது இன்னொரு கண்ணாடியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நிறக் குருடு இருக்கிறதா என்று புள்ளிப் படங்களைக் காட்டிச் சோதிப்பார்கள். நீங்கள் மின்சாரக் கம்பிகளின் நிறம் பார்த்து வேலை செய்பவர் என்பதால் அங்கே எனக்குக் கவலை இல்லை.

எனக்குக் கவலை உங்கள் காதைப் பற்றித்தான். கொதிகலன், டர்பைன் பக்கத்தில் வருடக்கணக்காக நிற்பவர் நீங்கள். அமைதியான அறையில், மருத்துவருக்கு முதுகைக் காட்டி இரண்டு மீட்டர் தள்ளி நின்று, சாதாரணமாகப் பேசும் குரல் உங்களுக்குக் கேட்க வேண்டும் என்பது விதி. ஆலையில் வருடாவருடம் எடுக்கும் காதுப் பரிசோதனைத் தாள்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இப்போதே பார்த்துவிடுங்கள். நம் தோட்டக் குடும்பங்களில் நாற்பதுக்குள் சர்க்கரை வருவதை நான் நிறையப் பார்த்துவிட்டேன். மாத்திரையில் கட்டுக்குள் இருப்பவருக்கு வழி இருக்கிறது. இன்சுலின் ஊசிக்குப் போய்விட்டால் அனைத்துலக விதியில் கதவு ஏறக்குறைய மூடிக்கொள்கிறது. மருத்துவரிடம் எதையும் மறைக்காதீர்கள். மறைத்து வாங்கிய சான்றிதழை வைத்துக்கொண்டு ஆகாயத்தில் தனியாக இருப்பது உங்களுக்கே நல்லதல்ல.

இனி அந்த 30,000 வெள்ளி. தம்பி, அதை மொத்தமாக யார் கையிலும் கொடுக்காதீர்கள். தள்ளுபடி எவ்வளவாக இருந்தாலும் சரி. இதை நான் பட்டுத்தான் சொல்கிறேன். எனக்கு இருபத்தாறு வயதில், அப்பா வாங்கிக் கொடுத்த கடனையும் என் சேமிப்பையும் ஒரு பயிற்சிப் பள்ளியில் ஒரே தவணையில் கட்டினேன். பதினோரு மணி நேரம் பறந்திருப்பேன். இருந்த இரண்டு விமானங்களில் ஒன்று உதிரிப் பாகத்துக்காகக் கொட்டகைக்குள் போனது. மற்றொன்றுக்கு இருபது பேர் வரிசையில் நின்றோம். நான்கு மாதம் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறிப் போய்விட்டு வெறுமனே திரும்பி வந்தேன். கடைசியில் பள்ளியே நின்றுபோனது. மீதிக் காசில் ஒரு பங்குதான் திரும்பி வந்தது. அப்பாவிடம் அதைச் சொன்ன அன்று அவர் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல விடியற்காலை தோட்டத்தில் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போய்விட்டார். அந்தக் காசை ஈடுகட்ட எனக்கு மூன்று வருடம் ஆனது.

அதனால், ஐந்து மணி நேரம், மிஞ்சிப் போனால் பத்து மணி நேரத்துக்கு மட்டும் கட்டுங்கள். பறந்து முடித்தபின் அடுத்த தவணை. கட்டுவதற்கு முன்னால் நேரில் போய் நின்று பாருங்கள். எத்தனை விமானம் பறக்கும் நிலையில் இருக்கிறது, பயிற்றுநர்கள் எத்தனை பேர், கடந்த மாதம் எத்தனை பேர் பறந்தார்கள், விலையில் எரிபொருளும் தரையிறங்கும் கட்டணமும் பயிற்றுநர் கட்டணமும் சேர்த்தியா இல்லையா, இதையெல்லாம் வாய் விட்டுக் கேளுங்கள். அலுவலகத்தில் கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். வெளியே பெஞ்சில் காத்திருக்கும் மாணவர்களிடம் கேளுங்கள். அவர்கள்தான் உள்ளதைச் சொல்வார்கள். தள்ளுபடி பேசிய அந்த நபர் பயிற்றுநரா, தரகரா என்பதும் அப்போது தெரிந்துவிடும்.

விமான நிறுவனத்தில் சேரலாம் என்று அவர் சொன்னதை மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். பிபிஎல் வைத்திருப்பவர் கூலி வாங்கிக்கொண்டு விமானம் ஓட்டக் கூடாது. அந்த உரிமத்தின் அடிப்படையே அதுதான். சம்பளத்துக்கு ஓட்டுவதற்கு வணிக விமானி உரிமம் வேண்டும். அதற்கு அனைத்துலகக் குறைந்தபட்ச அளவே 200 மணி நேரம், அங்கீகரித்த முழுப் பாடத்திட்டத்தில் படித்தால் 150. முதல் வகுப்பு மருத்துவச் சான்றிதழ், கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கும் தகுதி, இரட்டை எஞ்சின் தகுதி எல்லாம் அதற்கு மேல். செலவும் பல மடங்கு. ஒரு குடும்பத் தலைவர் ஆலை வேலையை விட்டுவிட்டு அந்த வழியில் இறங்கலாமா என்பது வேறு கேள்வி, நீங்களும் அதைக் கேட்கவில்லை. நீங்கள் கேட்டது பறக்க ஆசை என்பதை. அந்த ஆசைக்கு பிபிஎல் சரியான பாதை. உங்கள் சார்ஜ்மேன் வேலைதான் அதற்குக் காசு கொடுக்கப்போகிறது, அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

மொத்தம் எவ்வளவு ஆகும்? அனைத்துலக விதிப்படி குறைந்தது 40 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், அங்கீகரித்த பாடத்திட்டத்தில் 35. அதில் பத்து மணி நேரமாவது தனியாகப் பறந்ததாக இருக்க வேண்டும். அந்தத் தனிப் பறப்பில் ஐந்து மணி நேரம் ஊர் விட்டு ஊர் போனது. அப்படிப் போனதில் ஒரு பயணம் 270 கிலோமீட்டருக்குக் குறையாமல், இரண்டு வேறு விமான நிலையங்களில் இறங்கி நின்றதாக இருக்க வேண்டும். ஈப்போவிலிருந்து பினாங்கு, அங்கிருந்து அலோர்ஸ்டார், திரும்ப ஈப்போ என்று போனால் இந்தத் தூரம் தாராளமாக வந்துவிடும். ஆனால் 40 மணி நேரத்தில் முடித்தவர்களை நான் விரல் விட்டு எண்ணிவிடுவேன். வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களுக்கு ஐம்பத்தைந்து, அறுபது என்று போய்விடுகிறது. கணக்குக்கு மணிக்கு 900 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அறுபது மணிக்கு 54,000. உங்கள் 30,000 வெள்ளியில் முப்பத்துமூன்று மணி நேரம்தான் வரும். பாதி ஆற்றில் நிற்கிற மாதிரி ஆகிவிடும்.

எல்லோரும் தவறுவது இந்த இடத்தில்தான். இருக்கிற காசுக்குத் தொடங்குவோம், தீர்ந்தால் மறுபடி சேர்த்துக்கொண்டு வருவோம் என்று நினைக்கிறார்கள். பறப்பு அப்படிப் படிக்கிற பாடம் இல்லை. தரையிறங்கும்போது ஓடுபாதையின் விளிம்பு கண்ணின் ஓரத்தில் விரிந்துகொண்டே வரும். எந்தக் கணத்தில் விமானத்தின் மூக்கை மெதுவாகத் தூக்க வேண்டும் என்பது கைக்கும் கண்ணுக்கும் தெரிய வேண்டும், மண்டைக்குத் தெரிந்து பயனில்லை. வாரம் இரண்டு முறை பறப்பவருக்கு அது ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒரு முறை வருபவருக்கு ஒவ்வொரு தடவையும் முதல் அரை மணி நேரம் போன மாதப் பாடத்தை மீட்பதிலேயே போய்விடும். அந்த அரை மணிக்கும் காசு கட்ட வேண்டும். எட்டு மாதத்தில் முடிக்க வேண்டியதை மூன்று வருடமாக இழுத்து, இரண்டு மடங்கு செலவு செய்து, கடைசியில் விட்டுவிட்டுப் போன நல்ல மாணவர்கள் எனக்குத் தெரியும்.

ஆகவே என் யோசனை இதுதான். இந்த வருடம் பறக்கத் தொடங்காதீர்கள். மருத்துவப் பரிசோதனையை முடியுங்கள். ஒரே ஒரு அறிமுகப் பறப்புக்கு மட்டும் காசு கட்டுங்கள். வயிறு புரளுமா, உயரம் பிடிக்குமா என்று அதிலேயே தெரிந்துவிடும். அப்புறம் இறங்கி வந்து எழுத்துத் தேர்வுக்குப் படியுங்கள். விமானச் சட்டம், விமானத்தின் அமைப்பு, பறப்புக் கோட்பாடு, வானிலை, வழிகாணல், செயல்திறனும் பயணத் திட்டமும், செயல்பாட்டு முறைகள், மனிதத் திறனும் வரம்பும், வானொலித் தொடர்பு என்று பாடங்கள் இருக்கின்றன. வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்கு மணிக்கு 900 வெள்ளி யாரும் கேட்க மாட்டார்கள். அந்த நேரத்தில் சேமிப்பும் ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு வருடம் ஆனாலும் பரவாயில்லை. முழுப் பாடத்துக்கும் காசு கையில் இருக்கும்போது இறங்குங்கள், இறங்கினால் நிறுத்தாதீர்கள். கடன் வேண்டாம். ஊழியர் சேமநிதிப் பணத்தைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், அது பிள்ளைகளுக்கும் உங்கள் முதுமைக்கும்.

ஆங்கிலத்தைப் பற்றிப் பயந்து எழுதியிருக்கிறீர்கள். வானொலியில் பேசத் தகுதிச் சான்று வேண்டும், ஆங்கிலத் திறனில் ஆறு படிகளில் நான்காம் படியாவது எட்ட வேண்டும். ஆனால் அங்கே மேடைப் பேச்சு ஆங்கிலத்தை யாரும் கேட்கவில்லை. சொல்லும் சொற்கள் ஏறக்குறைய முன்பே எழுதி வைத்தவை. எண்களைக்கூட வேறு மாதிரி உச்சரிக்கிறோம். மூன்றை ‘ட்ரீ’, ஐந்தை ‘ஃபைஃப்’, ஒன்பதை ‘நைனர்’ என்போம். இரைச்சலில் ஒன்றை மற்றொன்றாகக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. நம் நாட்டு விமானங்களின் பதிவெண் எல்லாம் ‘நைனர் மைக்’ என்றுதான் தொடங்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் சொன்னதைத் திரும்பச் சொல்லிக் காட்ட வேண்டும், அவர் சரியென்று கேட்டுக்கொள்வார்.

இந்தக் கட்டுப்பாடு சும்மா வந்ததல்ல. 1977 மார்ச் 27 அன்று டெனெரிஃப் தீவில் மூடுபனிக்குள் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையிலேயே மோதி 583 பேர் இறந்தார்கள். வானொலியில் பேசியதை ஒருவர் ஒரு விதமாகச் சொல்ல, இன்னொருவர் வேறு விதமாகப் புரிந்துகொண்டது அதில் பெரிய காரணம். அதன் பிறகுதான் ‘டேக் ஆஃப்’ என்ற சொல்லை, கிளம்ப அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் தவிர வேறெங்கும் சொல்லக் கூடாது என்று ஆக்கினார்கள். உங்களுக்கு வேண்டியது அளவாகப் பேசும் பழக்கம், புரியவில்லை என்றால் ‘மீண்டும் சொல்லுங்கள்’ என்று வெட்கப்படாமல் கேட்கும் பழக்கம். ஆலையில் மெயின் சுவிட்சை ஏற்றும் முன் வாக்கிடாக்கியில் மூன்று தடவை கேட்டு உறுதி செய்துகொள்பவர்தானே நீங்கள்? அதே புத்திதான் இங்கேயும். தினமும் மோட்டாரில் வேலைக்குப் போகும்போது அந்தச் சொற்களை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போங்கள். மூன்று மாதத்தில் நாக்கு பழகிவிடும்.

இயந்திரப் பக்கத்தில் நீங்கள் மற்ற மாணவர்களைவிட முன்னால் நிற்பீர்கள். பழைய செஸ்னா எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக், தானே சுழன்று தீப்பொறிக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ இரண்டு தனித்தனியாக. பேட்டரி செத்துப்போனாலும் எஞ்சின் ஓடும். சாவியை எடுத்துவிட்டாலும், மேக்னெட்டோவை அணைக்கும் பூமிக் கம்பி ஒன்று அறுந்திருந்தால், விமானத்தின் முன்னால் சும்மா நிற்கும் விசிறியைக் கையால் அசைத்த மாத்திரத்தில் எஞ்சின் வெடித்துச் சுழன்றுவிடலாம். அதனால் விசிறியை எப்போதும் உயிருள்ள கம்பி மாதிரியே நினைக்க வேண்டும். பூட்டுப் போட்டு அட்டை மாட்டாமல் பேனலில் கை வைக்காத ஒருவருக்கு இதை நான் இரண்டாம் தடவை சொல்லத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் முன்கூட்டியே காட்டிவிடுகிறேன். காலை ஏழரை மணி, இறக்கையின் மேல் பனித்துளி இருக்கும். இறக்கைக்கு அடியில் ஒரு சின்ன வால்வு. அதில் ஒளி ஊடுருவும் கோப்பையை அழுத்திக் கொஞ்சம் எரிபொருளை இறக்க வேண்டும். விமான பெட்ரோல் இளநீலமாக இருக்கும். கோப்பையை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். அடியில் கண்ணாடி மணி மாதிரி ஒரு துளி உருண்டால் அது தண்ணீர். நம் ஊர் ஈரக் காற்றில், பாதி நிரம்பிய தொட்டி இரவு முழுவதும் கிடந்தால் உள்ளே வியர்க்கும். தண்ணீர் வராத வரைக்கும் மறுபடி மறுபடி இறக்கிப் பார்க்க வேண்டும். ஒரு மாணவர் கோப்பையைப் பார்த்துவிட்டு, “தண்ணீரே இல்லை, சுத்தமாக இருக்கிறது” என்றார். வாங்கிப் பார்த்தேன். நிறமே இல்லை. கோப்பை முழுவதுமே தண்ணீர். பிரிந்து நிற்கும் கோடு தெரியவில்லை என்பதால் அவருக்குச் சுத்தமாகத் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து என் மாணவர்கள் நிறத்தைப் பார்த்து, முகர்ந்து, விரலில் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் மூடுவார்கள்.

இன்னொன்று, நம் வெயிலில் யாரும் நம்பாத ஒன்று. காற்றையும் எரிபொருளையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பனிக்கட்டி கட்டும். வெளியே முப்பது டிகிரி இருந்தாலும் கட்டும். எரிபொருள் ஆவியாவதாலும் காற்று குறுகிய வழியில் விரைவதாலும் உள்ளே வெப்பம் இருபது டிகிரிக்கு மேல் இறங்கிவிடுகிறது, நம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. சுற்று வேகம் மெல்ல மெல்லக் குறையும். சூடேற்றும் கைப்பிடியை இழுத்தால் எஞ்சின் முதலில் இன்னும் மோசமாக இருமும். புதியவர்கள் பயந்து கைப்பிடியை உள்ளே தள்ளிவிடுவார்கள். தள்ளக் கூடாது. உருகிய தண்ணீர் எஞ்சினுக்குள் போகிற சத்தம் அது. கொஞ்சம் பொறுத்தால் வேகம் மேலே ஏறும்.

வேலை நேரத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, நானே கேட்கிறேன். ஷிப்டில் போகிறீர்களா? நம் பக்கத்தில் பறக்க நல்ல நேரம் காலை எட்டிலிருந்து பதினொன்று வரை. மதியம் தித்திவங்சா மலைத்தொடர் மேல் மேகம் குவியத் தொடங்கிவிடும். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் மூன்று மணிக்கெல்லாம் இடியும் மழையும். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை சில நாள் விடியற்காலையிலேயே மலாக்கா நீரிணைப் பக்கமிருந்து சுமத்திராக் காற்று அடித்துக்கொண்டு வரும், அன்று காலையும் போய்விடும். புகைமூட்டம் வந்தால் வாரக்கணக்கில் உட்கார வேண்டியிருக்கும். ஆக, பறக்கும் நேரம் எப்போதும் காலைதான். இரவு ஷிப்டு முடித்து ஏழு மணிக்கு வெளியே வந்து, பசியாறிவிட்டு, ஒன்பது மணிக்கு விமானத்தில் ஏறலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். ‘நான் பழகியவன்’ என்பீர்கள். தூக்கமில்லாத கண் ஓடுபாதையைத் தப்பாக அளக்கும். இரவு வேலை செய்த நாளில் மாணவரை நான் ஏற்றுவதில்லை, எவ்வளவு கெஞ்சினாலும். பகல் ஷிப்டு வாரங்களிலும் விடுமுறையிலும் நெருக்கமாகப் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் தேங்கிய வருடாந்திர விடுப்பைச் சேர்த்து, முதல் இருபது மணி நேரத்தை ஒரே மூச்சில் பறந்துவிடுங்கள்.

உங்கள் மனைவியின் பயத்தை ஒதுக்காதீர்கள். பெரிய விமானத்தில் பினாங்குக்கோ சென்னைக்கோ போவதைவிடச் சின்ன விமானத்தில் ஆபத்து அதிகம். அதை ஒப்புக்கொண்டே பேசுங்கள். ஆனால் எஞ்சின் நின்றால் கல் மாதிரி விழுந்துவிடும் என்று அவர் நினைத்திருந்தால், அது அப்படியில்லை என்று சொல்லுங்கள். ஒரு செஸ்னா 172 எஞ்சின் இல்லாமல் ஓரடி இறங்குவதற்குள் ஏறத்தாழ ஒன்பது அடி முன்னால் போகும். மூவாயிரம் அடி உயரத்தில் எஞ்சின் நின்றால் காற்றில்லாத நாளில் எட்டு கிலோமீட்டர் தூரம் மிதந்து போக முடியும். என் பார்வையில் உயிரை எடுப்பது பெரும்பாலும் எஞ்சின் கோளாறு அல்ல. மழை தெரிந்தும் போய்விடலாம் என்று போவது, எரிபொருளைத் தோராயமாகக் கணக்குப் போடுவது, கீழே நிற்பவர்களுக்குக் காட்டத் தாழப் பறப்பது, இவைதான். மூன்றும் விமானியின் கையில் இருக்கின்றன. ஆலையிலிருக்கும் நண்பர்களுக்குக் கையசைக்க ஒருநாளும் தாழ இறங்க மாட்டேன் என்று அவரிடம் வாக்குக் கொடுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுங்கள். உங்கள் புகைபோக்கி உயரமானது, அதைச் சுற்றி மின்கம்பிகளும் இருக்கின்றன.

அவரை விமானத் திடலுக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாருங்கள். பறப்பதற்கு முன்னால் நடக்கும் சோதனைகளைப் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். வானம் கறுத்தால் கிளம்பாமல் திரும்பிப் போகும் மாணவர்களையும் பார்க்கட்டும். என் மாணவர் ஒருவரின் அம்மா, தைப்பிங்கிலிருந்து வருபவர், மகனின் முதல் தனிப் பறப்பன்று வேலி ஓரத்தில் நின்றார். அன்று நான் விமானத்திலிருந்து இறங்கி, காலியான என் இருக்கையின் பெல்ட்டை இறுக்கி மாட்டினேன். தொங்கிக்கொண்டிருந்தால் அது கட்டுப்பாட்டுத் தண்டில் சிக்கும். “என் எடை இல்லாததால் சீக்கிரம் மேலே ஏறும், பதறாதே” என்று சொல்லிக் கதவை மூடினேன். கைவானொலியோடு புல்லில் வந்து நின்றேன். ஒரே ஒரு சுற்றுதான், ஆறு ஏழு நிமிடம் இருக்கும். அவன் இறங்கி வந்து எஞ்சினை அணைத்த பிறகு அந்த அம்மா என்னிடம் வந்து, “நீங்க இறங்கினதும் எனக்கு உயிரே போயிடுச்சு. ஆனா நீங்க பெல்ட்டை மாட்டினதைப் பார்த்தேன். அதுக்கப்புறம் பயம் கொஞ்சம் கொறஞ்சிடுச்சு” என்றார். அந்தச் சின்ன வேலையை அவர் கவனித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

மருத்துவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அறிமுகப் பறப்புக்கு நீங்கள் போகும் நாளில் வடக்குப் பக்கமாகவே போகச் சொல்லுங்கள். ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு போனால் சுங்கை சிப்புட் வந்துவிடும், அதற்கு அப்பால் கோலகங்சாரும் பேராக் ஆறும் தெரியும். உங்கள் ஆலை எது என்று பயிற்றுநர் கேட்பதற்கு முன்னால், புகை எந்தப் பக்கம் சாய்கிறது என்று நீங்களே அவருக்குச் சொல்லிவிடுங்கள்.